மூன்று புரி கண்ட இராமச்சந்திரன்

நம் தோலையும் எலும்பையும் தசைநாரையும் கட்டி நிறுத்தும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் கொலாஜன். நம் உடலில் அதைவிட மிகுதியாக உள்ள புரதம் வேறில்லை. அதன் உள்ளமைப்பை உலகுக்கு உரைத்தவர் சென்னையிலே இருந்த ஒரு பௌதிகப் பேராசிரியர். அவர்தான் ஜி. என். இராமச்சந்திரன்.

1922 அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1942-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு மின்பொறியியல் படிக்க வந்தார். நீலசந்திராவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் நண்பர்களுக்கு அது ஒரு பஸ் பயணத் தொலைவுதான். சர் சி. வி. இராமன் இந்த இளைஞரைக் கண்டார், விட மனமில்லை. மின்பொறியியலிலிருந்து தம் துறைக்கே இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் சென்று பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1952-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைத் தலைமை அவரைத் தேடி வந்தது. வயது முப்பதுகூட நிரம்பவில்லை! அங்கு வந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று சொல்லிச் சென்றார். அது போதுமானதாயிற்று. அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகக் கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதன்மேல் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படமெடுத்து ஆராய்ந்தனர்.

கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு புரி இழுத்தால் அறும். மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கினால் தேரையே இழுக்கும். கொலாஜனும் அத்தகையதே. புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. இங்கே அத்தகைய சங்கிலிகள் மூன்று ஒன்றையொன்று தழுவிச் சுற்றுகின்றன. நடுவில் இடம் மிகக் குறுகல். ஆகவே மூன்றாவது அமிலம் ஒவ்வொன்றும் கிளைசினாக இருக்கவேண்டும். அமிலங்களில் மிகச் சிறியது அதுதான். அவ்விடத்தில் வேறொன்று புகுந்தால் கயிறு சீர்கெடும். தொட்டால் முறியும் எலும்புடன் குழந்தைகள் பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1954-இல் முதற்கட்டுரை வெளிவந்தது. மூன்று சங்கிலிகளும் சேர்ந்து முறுக்கிய திருத்திய வடிவம் 1955-இல் வந்தது.

உடனே அடி விழுந்தது. டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்ட பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்பவருடன் சேர்ந்து மறுத்தார். மூன்று புரி சரிதான். ஆனால் இந்த வடிவில் அணுக்கள் ஒன்றையொன்று அளவுமீறி நெருங்குகின்றன என்பது குற்றச்சாட்டு. அதில் நியாயமும் இருந்தது. இராமச்சந்திரன் இரண்டு எனக் கொண்ட ஹைட்ரஜன் பிணைப்பு, பின்னாளில் ஒன்றென்றே நிலைபெற்றது.

வேறொருவராயின் சினந்து மறுப்புரை எழுதியிருப்பார். இவரோ, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று கேட்டார்! அதற்குமுன் வெளிவந்த படிக ஆராய்ச்சிகளைத் துருவித் தூரங்களைத் தொகுத்தார். சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் திரும்பக்கூடிய கோணங்கள் முக்கியமாய் இரண்டே. மாணவர்களான இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் அமர்ந்து, கோணங்களை மாற்றி மாற்றிக் கணக்கிட்டார். அணுக்கள் மோதாத இடங்களைக் கட்டத்தில் குறித்தபோது பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாகவே நின்றது! 1963-இல் வெளியான அதுவே இராமச்சந்திரன் வரைபடம். இன்றும் எந்நாட்டில் எவர் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரியா என்று பார்க்க இப்படத்தையே விரிக்கின்றனர்.

1971-இல் பெங்களூர்க் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். அதே ஆண்டில் லட்சுமிநாராயணனுடன் எழுதிய ஒரு கணக்குமுறை, உடலை ஊடுருவிப் படமெடுக்கும் ஸ்கேன் கருவிகளுக்கு உதவியது. 1977-இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. நோபல் பரிசு வரவில்லையே என்று அங்கலாய்ப்பவர் பலர். அந்த வருத்தத்தில் நேரம் கழிப்பதைவிட அந்த வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார்.