கரி பஸ், லாடம் ஆணி, ஒரு டப்பா ஆயில்: டி.வி. சுந்தரம் ஐயங்கார்

1911-ங்கிற வருஷத்தை ஒரு நிமிஷம் மனசுல வெச்சுக்கோங்க. அந்த வருஷம் அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. என்கிற ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள் சங்கம், என்ஜின் ஆயிலை அதன் கெட்டித்தன்மையை வெச்சுத் தரம் பிரிக்கும் அட்டவணையை முதல்முறையாக வெளியிட்டது. இன்னிக்கு கடையில நீங்க எடுக்கிற டப்பா மேல இருக்கிற 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 எல்லாம் அந்த அட்டவணையோட பேரன் பேத்திங்கதான். அதே 1911-ல் மதுரையில் ஒருத்தர் சம்பளம் வர்ற வேலையை விட்டுட்டு வந்து மோட்டார் வண்டித் தொழிலுக்காக ஒரு கம்பெனி தொடங்கினார். டி.வி. சுந்தரம் ஐயங்கார். நம்ம பிளேஸ்மென்ட் லிஸ்டில் பாதி இடத்தில் எட்டிப் பார்க்கிற டி.வி.எஸ். அவர்தான்.

இரண்டுக்கும் நேரடி சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனா பஸ் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு ஆயில்னா என்னன்னு யோசிச்சுப் பார்த்தா, இவர் வாழ்க்கை கொஞ்சம் வேற மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அதனாலதான் இந்தக் கட்டுரை.

பெயரில் உள்ள டி என்பது திருக்குறுங்குடி. திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், நம்பி கோயில் இருக்கிற ஊர். அங்கே 1877 மார்ச் 22-ல் பிறந்தார். மகன் வக்கீலாகணும்னு அப்பாவுக்கு ஆசை. (இதைப் படிக்கிற பலருக்கும் இந்த இடம் ரொம்பப் பழகினதா இருக்கும்.) வக்கீல் தொழிலில் ஆரம்பித்தார், பிறகு ரயில்வேயில் வேலை, பிறகு பேங்க். மூணுமே அந்தக் காலத்தில் கௌரவமான, பாதுகாப்பான இடங்கள். மூணையும் விட்டார். கம்பெனி ஆரம்பிக்கும்போது வயசு 34. குடும்பம் பெரிசு, குழந்தைகள் இருந்தாங்க. இருபத்தொரு வயசுல நாம ஸ்டார்ட்-அப் பத்திப் பேசுறதுக்கும், அந்த நிலைமையில் அவர் இறங்கினதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

1912-ல் மதுரையில் பஸ் விட்டார். அதுவரைக்கும் ஊருக்கு ஊர் போகணும்னா மாட்டு வண்டி, ஜட்கா, இல்லைன்னா நடை. ரயில் இருந்த ஊருக்கு ரயில். இல்லாத ஊருக்கு?

இங்கேதான் நம்ம புதுக்கோட்டை வருது. அப்போ இது மாவட்டம் இல்லை, தொண்டைமான் மன்னரோட தனி சமஸ்தானம். தலைநகரத்தில் நேரான அகலமான தெருக்கள் எல்லாம் இருந்தது, ஆனா ரயில் மட்டும் இல்லை. 1929-ல்தான் முதல் ரயில் வந்தது. ஒரு பக்கம் தஞ்சாவூர், ஒரு பக்கம் திருச்சி, தெற்கே காரைக்குடி, தேவகோட்டை. வியாபாரம் பண்றவங்க நடமாட்டம் அதிகம், வண்டி கிடையாது. பஸ் முதலாளிக்கு இதைவிட நல்ல மேப் அமையாது. தஞ்சாவூர் - புதுக்கோட்டை வழி டி.வி.எஸ்ஸோட ஆரம்பகால பாதைகளில் ஒன்று. டி.வி.எஸ். பிறந்ததே புதுக்கோட்டையிலதான்னு நம்ம ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க. மதுரைக்காரங்க விட்டுக் கொடுக்க மாட்டாங்க. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரலை. திருச்சியில டி.வி.எஸ். டோல்கேட், புதுக்கோட்டையில டி.வி.எஸ். கார்னர்னு பஸ் ஸ்டாப் பேராவே அவர் நின்னுட்டார், அது போதும்.

இப்போ அந்த ரோட்டைக் கற்பனை பண்ணுங்க. செம்மண், செம்புறாங்கல் பூமி. தார் கிடையாது. தூசி. சித்திரை வெயில். கூடவே மாடு, குதிரை லாடத்தில் இருந்து கழண்டு விழுந்த ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும். ஐயங்கார் பஸ் போகிற பாதையில், முன்னாடி காந்தம் கட்டின வண்டியை ஓட விட்டு ஆணிகளைப் பொறுக்கினார் என்று ஒரு கதை இன்னிக்கும் சொல்லப்படுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. டயர் பஞ்சர் ஆனா ஒட்டுறது மெக்கானிக் புத்தி. பஞ்சர் ஏன் ஆகுதுன்னு பார்த்து ரோட்டையே கூட்டுறது இன்ஜினியர் புத்தி. கவனிச்சீங்கன்னா, நம்ம காலேஜ் ஃபெஸ்ட் போஸ்டரில் எல்லாம் ஜி.டி. நாயுடு இருப்பார், இவர் இருக்க மாட்டார். நாயுடு புதுசு புதுசா கண்டுபிடிச்சார், அதைப் படமா போடலாம். இவர் செஞ்சது பராமரிப்பு. அதை எப்படிப் போஸ்டர் போடுறது?

அவர் பஸ் நேரம் தவறாது. டி.வி.எஸ். பஸ் போறதை வெச்சு கடிகாரத்தைத் திருத்திக்குவாங்கன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. சும்மா பெருமைக்குச் சொல்றதா எடுத்துக்காதீங்க, அதுக்குப் பின்னாடி இருக்கிற வேலையைப் பாருங்க. நேரத்துக்கு வரணும்னா வண்டி வழியில நிக்கக் கூடாது. நிக்கக் கூடாதுன்னா என்ஜின் உள்ளே உலோகமும் உலோகமும் உரசக் கூடாது. அதைத் தடுக்கிறது மயிரிழையைவிட மெல்லிசான ஒரு ஆயில் படலம்.

அந்தக் காலத்து ஆயில் இன்னிக்கு மாதிரி கிடையாது. ஒரே கிரேடு. சூடாக ஆக தண்ணியா இளகும், ஆறினா கெட்டியாகும். அழுக்கைக் கரைச்சு வெச்சுக்கிற டிடெர்ஜென்ட் சேர்மானம் இல்லை, அதனால அழுக்கு சம்பில் சேறு மாதிரி தங்கும். என்ஜினுக்கு ஆயில் ஃபில்டர் என்பதே 1923-க்கு அப்புறம்தான் அமெரிக்காவில் வந்தது. ஃபோர்டு மாடல் டி காருக்கு சுமார் 750 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாத்தணும். நம்ம கணக்குல 1,200 கிலோமீட்டர். தஞ்சாவூர் - புதுக்கோட்டை சுமார் 60 கிலோமீட்டர்னா, பத்து தடவை போயிட்டு வந்தா ஒரு ஆயில் சர்வீஸ். இத்தனை பஸ்ஸுக்கும் இதை யார் ஞாபகம் வெச்சுக்கிறது? கணக்குப் புத்தகம் வேணும், ஒர்க்‌ஷாப் வேணும், முறைப்படி வேலை செய்ற ஆட்கள் வேணும். பேங்க் வேலையில் கத்துக்கிட்டது இங்கேதான் உதவியிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

கொஞ்சம் நம்ம காலத்துக்கு வரலாம். ஏன்னா உங்கள்ல சில பேர் லீவுக்கு ஊருக்குப் போய் அப்பாவோட காருக்கு நீங்களே ஆயில் மாத்தப் போறீங்க, எனக்குத் தெரியும். 5டபிள்யூ-30-ல் டபிள்யூ என்பது வின்டர். முன்னாடி இருக்கிற 5, மைனஸ் 30 டிகிரியில் என்ஜின் ஸ்டார்ட் ஆகுமான்னு பார்க்கிற சோதனை. விராலிமலையில் மைனஸ் 30 வந்தா அன்னிக்கு காலேஜே இருக்காது. ஆனாலும் அந்த எண் சும்மா இல்லை. காலையில முதல் ஸ்டார்ட்டில் அந்த ஆயில் மேலே வரைக்கும் சீக்கிரம் ஏறும். பின்னாடி இருக்கிற 30 அல்லது 40, ஆயில் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியா நிக்குதுன்னு சொல்றது. நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா 40 போட்டாதான் நல்லதுன்னு கடைக்காரர் சொல்லுவார். பழைய என்ஜினுக்கு அது சரியா இருக்கலாம். புது என்ஜினில் பேரிங் இடைவெளி ரொம்பக் குறைச்சல், கெட்டி ஆயில் உள்ளே போகவே சிரமப்படும். அதனால கடைக்காரரையும் கேட்காதீங்க, என்னையும் கேட்காதீங்க, டேஷ்போர்டுல தூங்குற மேனுவலைக் கேளுங்க. அதில் கிரேடு, ஏ.பி.ஐ. தரம், எத்தனை லிட்டர் எல்லாம் இருக்கும். பெட்ரோல் காருக்கு மேனுவல் எஸ்.என். கேட்டா, அதுக்குப் பிறகு வந்த எஸ்.பி. போடலாம். பி.எஸ்.6 டீசல்னா சாம்பல் குறைவா விடுற ஆயில்தான் போடணும், இல்லைன்னா சைலன்ஸர் பக்கம் இருக்கிற புகை ஃபில்டர் அடைச்சுக்கும். அப்புறம் முக்கியமா, பைக் ஆயிலைக் காருக்கும் கார் ஆயிலைப் பைக்குக்கும் ஊத்தாதீங்க. பைக்கில் கிளட்ச் அதே ஆயிலுக்குள்ள முங்கி இருக்கும், கார் ஆயிலில் இருக்கிற வழுக்கல் சேர்மானம் கிளட்சைப் பிடிக்க விடாது. இறக்கின பழைய ஆயிலை ஊரணிப் பக்கம் கொட்டாம கேனில் பிடிச்சு ஒர்க்‌ஷாப்பில் கொடுங்க. சரி, ஐயங்காரிடம் திரும்புவோம்.

பஸ்ஸில் ஆரம்பிச்சவர் பஸ்ஸோட நிக்கலை. லாரிகள், சதர்ன் ரோட்வேஸ். உதிரி பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்க சுந்தரம் மோட்டார்ஸ். தேய்ஞ்ச டயருக்கு மறுபடி ரப்பர் ஏத்துற ரீட்ரெடிங். எல்லாத்தையும் வரிசையா வெச்சுப் பாருங்க, ஒரு பஸ் முதலாளிக்கு வர்ற தலைவலி ஒவ்வொண்ணும் ஒரு கம்பெனி ஆகியிருக்கு.

உண்மையான சோதனை இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் முதலாளிக்கு பெட்ரோல் இல்லைன்னா கதவைச் சாத்த வேண்டியதுதான். அப்போதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் வந்தது. உங்க தாத்தா பாட்டி கரி பஸ்னு சொன்னா அது இந்த மாதிரி வண்டிதான். அடிப்படை உங்களுக்குத் தெரிஞ்ச கெமிஸ்ட்ரி. வண்டியோட ஒரு உருளை அடுப்பு. உள்ளே மரக்கரி. காற்றைக் குறைச்சுக் கொடுத்தா கரி முழுசா எரியாம கார்பன் மோனாக்சைடு வரும், கொஞ்சம் ஹைட்ரஜனும் சேரும். அதைக் குளிர வெச்சு, வடிகட்டி, பெட்ரோல் ஆவிக்குப் பதிலா என்ஜினுக்குள் விடணும். ஓடும். ஆனா இழுவை நல்லா குறையும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். காலையில அடுப்பைப் பத்த வெச்சு, ஊதி, கேஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அந்த கேஸ் மூடின இடத்தில் கசிஞ்சா உயிருக்கே ஆபத்து.

இதில் ஆயிலுக்கு என்ன ஆகும்னு யோசிங்க. எவ்வளவு வடிகட்டினாலும் நுண்ணிய சாம்பலும் தாரும் கொஞ்சம் சிலிண்டருக்குள் போகும். அங்கேயிருந்து பிஸ்டன் ரிங் வழியா சம்புக்கு இறங்கும். ஆயில் கெட்டியாகும், கறுப்பாகும், சாம்பல் உப்புத்தாள் மாதிரி பேரிங்கைத் தேய்க்கும். அதாவது கரி பஸ் ஓட்டுறவன் ஆயிலை முன்னைவிட அடிக்கடி மாத்தியாகணும், அதுவும் போர்க்கால விலையில். இத்தனைக்கும் நடுவில் தன் பஸ்ஸை மட்டும் ஓட்டினார்னா பெரிய விஷயமில்லை. அந்தக் கேஸ் பிளான்ட்டைத் தயாரிச்சு மத்தவங்க வண்டிகளுக்கும் கிடைக்க வெச்சார். அவர் வாழ்க்கையில கண்டுபிடிப்புன்னு ஒண்ணைக் காட்டச் சொன்னா நான் இதைத்தான் காட்டுவேன்.

வீட்டுக்குள்ளேயும் ஒரு கதை இருக்கு, அதை விட்டுட்டுப் போக முடியாது. மகள் சௌந்தரத்துக்கு அந்தக் கால வழக்கப்படி சின்ன வயசிலேயே கல்யாணம். கணவர் டாக்டர். மதுரையில் பிளேக் வந்தபோது நோயாளிகளைப் பார்த்து, அதே நோயில் இறந்துட்டார். விதவைப் பெண்ணை மூலையில உட்கார வைக்கிற காலம், அதுவும் ஆசாரமான ஐயங்கார் வீடு. சௌந்தரம் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படிச்சு 1936-ல் டாக்டர் ஆனார். 1940-ல் கேரளத்துக்காரரான ஜி. ராமச்சந்திரனைக் காந்தி முன்னிலையில் மறுமணம் செய்துக்கிட்டார். சாதி வேற, மொழி வேற. வீட்டில் இது சுலபமா நடந்திருக்காது. திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமம் உருவானது இந்தத் தம்பதியால்தான். கரி பஸ்ஸைவிட இந்த மகளை நினைச்சுத்தான் அந்தக் குடும்பத்து மேல எனக்கு மரியாதை அதிகம்.

பிள்ளைகள் தலையெடுத்ததும் பொறுப்பை அவங்க கையில கொடுத்துட்டு ஒதுங்கினார். 1955 ஏப்ரல் 28, வியாழக்கிழமை, கொடைக்கானல் வீட்டில் இறந்தார். வயசு 78. லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று நாம இன்டர்ன்ஷிப்புக்கு மெயில் போடுற கம்பெனிகள் எல்லாம் அவருக்குப் பிறகு, 1960-களில் வந்தவை. ஊருக்கு ஊர் ஓடின டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் வந்தது. அதையெல்லாம் அவர் பார்க்கலை.

அவர் ஆரம்பிச்ச பஸ் மட்டும் குடும்பத்துக்கிட்ட தங்கலை. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு பஸ்களை நாட்டுடைமை ஆக்கினபோது மதுரைப் பக்கத்து டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் ரோட்வேஸ் ஆச்சு. வண்டி அதே வண்டி, ஓட்டுறவங்களும் பெரும்பாலும் அதே ஆட்கள், பெயர்ப்பலகை மட்டும் வேற. அதுக்குப் பிறகும் ரொம்ப நாள் மதுரைப் பெரியவங்க பஸ் ஸ்டாண்டில் நின்னு, பஸ் லேட்டாகுற ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய பெயரைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.