முகத்தைப் படித்த மருத்துவர்

இம்முறை டாக்டர் ஹார்வி குஷிங் பற்றிச் சொல்கிறேன். 1869-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். மூளை அறுவைன்னாலே எல்லாரும் நடுங்கிய காலம் அது.

1901-இல் தலைவலி, பார்வைக் குறையோடு வந்த 14 வயதுச் சிறுமிக்கு ஒருமுறைக்கு மேல் அறுவை செய்தார், கட்டி அகப்படவில்லை. அவள் இறந்த பிறகே அது பிட்யூட்டரியில் இருந்தது தெரிந்தது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவுதான் அந்தச் சுரப்பி. ஆனா மற்ற சுரப்பிகள் பலவற்றை ஆட்டி வைப்பது அதுதான்.

மனுஷன் சோர்ந்து போகலை. அதையே ஆராய்ந்து 1912-இல் நூல் எழுதினார். மேலுதட்டின் உள்பக்கம் கீறி, மூக்கு வழியாகச் சென்று 1910 முதல் 1925 வரை 231 பேருக்கு அறுவை செய்தார். இறந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு.

முகம் நிலா போல உப்பி, வயிறு பெருத்து, தோலில் ஊதாக் கோடுகள் விழும் நோய்க்கு அங்குள்ள சிறு கட்டியே காரணம் என்று 1932-இல் எழுதினார். அந்நோய்க்கு இன்று அவர் பெயர்தான். 1939-இல் மறைந்தார். அவரிடம் பயின்ற பென்ஃபீல்டிடம் கற்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூரில் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார்.

இங்கே அம்பாங்கில் எங்க பெரியம்மா மகளுக்கும் இந்த நோய்தான். சாப்பாடு அதிகம்னு சொந்தக்காரங்க கேலி பண்ணாங்க; அக்கா வெளியே வருவதையே நிறுத்திட்டாங்க. கார்டிசோல் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் செய்த பிறகுதான் உண்மை தெரிஞ்சது. அறுவைக்குப் பின் இப்போ நலம்.

சின்ன வயசிலேயே இரத்த அழுத்தமும் இனிப்புநீரும் வந்து, முகமும் இப்படி மாறினா, கேலி வேண்டாம். டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. அதுவும் தொண்டுதான்.