சேர் சாமுவேல் பேக்கரும் அவர் துவக்கும்

சேர் சாமுவேல் பேக்கர் 1821இல் இலண்டனிற் பிறந்தார். வேட்டைத் துவக்குகளை இளமையிலேயே ஆராய்ந்த அவர், 1840இல் பிரிஸ்டல் நகரக் கிப்ஸ் என்பாரிடம் தமது திட்டப்படி ஒரு றைபிளைச் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். உருண்டைக் குண்டு 3 அவுன்சு. வாய்வழி மருந்து இடித்த அக்காலத்தில், முதற்குண்டு பிழைத்தால் மறுகுண்டு இடுவதற்குள் யானை நெருங்கிவிடும். ஆதலால் சுமக்கும் பாரத்தைப் பாராது, உறுதியையும் ஊடுருவும் வலிமையையுமே அவர் நாடினார்.

1848இல் நுவரெலியாவிற் குடியேறி, 1855இல் நீங்கும்வரை இலங்கைக் காடுகளில் யானைகள் பலவற்றை வீழ்த்தினார். யானையைக் கொன்றார்க்கு அரசே சன்மானம் அளித்த காலம் அது. 1864இல் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டார், 1893இல் மறைந்தார்.

இன்று யானையைக் கொல்வது குற்றம். ஆயினும் நம் படுவான்கரை உழவர் யானைக்கு அஞ்சியே வயல் காக்கின்றனர். துவக்கைத் தெரிவதில் பேக்கர் காட்டிய நிதானத்தை, உழவரையும் யானையையும் ஒருங்கே காக்கும் வழியைத் தெரிவதில் நாம் காட்டுவோமாக.