நாகூர் வழிவந்த முன்ஷி அப்துல்லா

நம் பிள்ளைகள் மலாய்ப் பாடநூலில் படிக்கும் முன்ஷி அப்துல்லாவின் வேர் நாகூரில் இருக்கிறது என்று சொன்னால், இன்றும் நம்மவர்களிலேயே சிலர் வியந்து பார்க்கிறார்கள். ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து, மார்க்கக் கல்வி போதித்து, அங்கேயே பெண்ணெடுத்த ஷெய்கு அப்துல் காதிர் அவருடைய பாட்டனாரின் தகப்பனார். அவருடைய மகன் முகம்மது இப்ராஹிம் கப்பலேறி மலாக்கா வந்து, ஷெய்கு மீரா லெப்பையின் மகளை நிக்காஹ் செய்துகொண்டார். அந்த அம்மையாரின் பெயர் பேரி ஆச்சி என்று மலாய் நூல்களில் இருக்கிறது. நம் காதில் அது பெரியாச்சி என்றுதான் விழுகிறது.

அப்துல்லா 1796ல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் எல்லாம் தவறிப்போயிருந்தார்கள். தாயார் ஸலாமா அழுதுகொண்டிருந்த காலத்தில் அரபு நாட்டுப் பெரியவர் ஒருவர், அடுத்து ஆண் பிள்ளை பிறந்தால் தம்முடைய பெயரையே வையுங்கள் என்றாராம். பிறந்த பிள்ளையும் நோஞ்சான்தான். அதைப் பிழைக்க வைக்க அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் பலர் பால் கொடுத்தார்கள். பின்னாளில் இதை எழுதும்போது அப்துல்லா, இத்தனை பேர் பாலைக் குடித்தவன் நான் என்று கணக்குச் சொல்லிச் சிரிக்கிற தொனியில்தான் எழுதுகிறார். ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால், பிள்ளைகளை மண்ணில் வைத்த ஒரு தாய் நிற்கிறாள்.

பாட்டியார் வீட்டிலேயே ஓதும் பள்ளி நடத்தினார். பேரப்பிள்ளை அங்கே படித்ததைவிட விளையாடியது அதிகம். அக்கால ஓதும் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கொடுத்த தண்டனைகளையும் அதற்கான கருவிகளையும் அவர் விவரித்திருக்கிறார். படித்தால் சிரிப்பும் வருகிறது, முதுகும் கூசுகிறது. குர்ஆன் ஓதி முடித்த பிறகு, தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை ஆண்டுகள் படித்தார். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்குவழக்குக்காகத் தமிழ் கற்பது அன்று வழக்கம். தமிழில் அவர் நூல் எதுவும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்வ மிகுதியால் அவரைத் தமிழ்ப் புலவராக்கிப் பேசுவது அவருக்கும் நமக்கும் மரியாதையல்ல.

தகப்பனார் கண்டிப்பானவர். எதிரில் பாராட்டமாட்டார். ஒருநாள் அவர் வெளியே போயிருந்த நேரம், பத்திரம் எழுதித் தரக் கேட்டு ஒரு நகோடா வந்தார். பையனே எழுதிக் கொடுத்துவிட்டான். விஷயம் தெரிந்த தகப்பனார் மகனிடம் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. பிறகு மனைவியிடம், இன்றுதான் நமக்குப் பிள்ளை பிறந்தது போல இருக்கிறது என்ற பொருளில் அவர் பேசியதை அப்துல்லா மறைவில் இருந்து கேட்டுவிட்டார். வள்ளுவர் தாய்க்குச் சொன்ன மகிழ்ச்சி இங்கே தகப்பனுக்கு வாய்த்தது.

மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தபோதுதான் முன்ஷி என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. பிறகு ராஃபிள்ஸிடம் எழுத்தர் வேலை. கிறித்துவப் பாதிரிமாருக்கு மலாய் கற்பித்து, அவர்களுடைய வேத மொழிபெயர்ப்புக்கும் உதவியதால், ஊரார் அவரை அப்துல்லா பாதிரி என்று கேலி செய்தார்கள். அவரோ கடைசிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். சீனர்களின் ரகசியச் சங்கச் சடங்கைச் சிங்கப்பூர்க் காட்டுக்குள் போய்த் துவாரம் வழியாக ஒளிந்து பார்த்தார். 1841ல் நீராவிக் கப்பலில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னதைப் பலர் நம்பவேயில்லை. 1830ல் சிங்கப்பூர் தீப்பற்றி எரிந்தபோது அவருடைய உடைமைகளும் போயின. அந்தத் தீயை மலாய் ஷாயிர் செய்யுளில் பாடி வைத்தார்.

வெள்ளைக்காரரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார், மலாய் அரசர்களைச் சாடினார் என்ற குறை இன்றும் உண்டு. குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் மலாக்காத் தெருவில் குடித்துவிட்டு ஆடிய ஆங்கில மாலுமிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அவருடைய மகள் சித்தி லேலா சிறு வயதில் இறந்துபோனாள். மனைவி துயரத்தில் கரைந்தார். அவரைத் தேற்றுவதற்காக அப்துல்லா ஒரு நூல் எழுதினார். அதன் பெயருக்கு உள்ளங்களின் மருந்து என்று பொருள். வைத்தியரிடம் கிடைக்காததைத் தாமே எழுதிக் கொடுத்தார் போலும். 1840ல் ஒரு மகனைப் பெற்றெடுத்து அந்த மனைவியும் வபாத்தானார். கணவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அமெரிக்கப் பாதிரியார் ஆல்ஃபிரட் நார்த்தின் தூண்டுதலால் தம் வாழ்க்கையை எழுத அவர் உட்கார்ந்ததும் அதே ஆண்டில்தான். வயது 44. ‘ஹிக்காயத் அப்துல்லா’ 1843ல் எழுதி முடிந்து, 1849ல் அச்சில் வந்தது.

நாம் இதைக் கவனிக்க வேண்டும். பால் குடித்த கதையும், பள்ளிக்கூடப் பிரம்பும், ஒளிந்து பார்த்த சடங்கும் மனைவியை அடக்கம் செய்த துக்கம் ஆறாத கையால் எழுதப்பட்டவை. அதனால்தானோ என்னவோ, அவருடைய நகைச்சுவை யாரையும் உதறித் தள்ளுவதில்லை. காடு ஊராகிறது, ஊர் காடாகிறது என்று திகைக்கும் இடங்களில் மட்டும் குரல் தாழ்கிறது. சிறுவனாக அவர் பார்த்த மலாக்காக் கோட்டையை 1807ல் ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதை அவர் ஒரு மனிதரின் மவுத்தைச் சொல்வதைப் போலவே சொல்கிறார்.

1854ல் ஹஜ்ஜுக்காகச் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறினார். வழியெல்லாம் எழுதிக்கொண்டே போனார். மக்காவுக்குள் நுழைந்த மகிழ்ச்சியைச் செய்யுளாக்கினார். அத்துடன் பயணக் கதை நின்றுவிடுகிறது. அவ்வாண்டிலேயே அரபு மண்ணில் அவர் மறைந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

தாயை இழந்த அந்தக் கைக்குழந்தைதான் முகம்மது இப்ராஹிம் முன்ஷி. கொள்ளுப்பாட்டனாரின் பெயரைத் தாங்கி வளர்ந்த அவர், நம் ஜொகூர் அரசில் சுல்தான் அபூபக்கரிடம் பணியாற்றி, டத்தோ பெந்தாரா டாலாம் என்ற உயர் பதவி வகித்தார். தகப்பனாரைப் போலவே, 1871, 1872 ஆண்டுகளில் அரசுப் பணியாகப் போன பயணங்களை எழுதி வைத்துவிட்டு, 1904ல் வபாத்தானார்.