சி, டி எழுத்துகளும் கேரி கில்டோலும்

அயலில் உள்ள பல்கலைக்கழக மாணவி ஒருவர் தனது இறுதியாண்டு ஆய்வறிக்கையை மிகுந்த கவனத்தோடு பாதுகாத்து வந்தார். மடிக்கணினியின் சி-யில் ஒரு பிரதி, டி-யில் இன்னொரு பிரதி. ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்ற நம்பிக்கை. ஒருநாள் கணினி மேசையிலிருந்து விழுந்தது. வன்தட்டு பழுதானது. சி-யும் போனது, டி-யும் போனது. திருத்துபவர் கணினியைக் கழற்றிக் காட்டியபோதுதான் உள்ளே இருந்தது ஒரேயொரு வன்தட்டு என்பது அவருக்குத் தெரிந்தது. இரண்டு எழுத்து இருந்ததால் இரண்டு தட்டு இருக்கும் என்று எண்ணியிருந்தார்.

அப்படி எண்ணியதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த எழுத்துகளைச் சிறிய கணினிகளுக்குக் கொண்டுவந்த மனிதரின் காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. ஏ என்றால் ஒரு பெட்டி, பி என்றால் பக்கத்தில் இன்னொரு பெட்டி. கையால் தொட்டுக் காட்டலாம். அந்த மனிதர் கேரி கில்டோல். கணினி வரலாற்றில் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரேயொரு கதையைத்தான் சொல்கிறார்கள்: ஐ.பி.எம். நிறுவனம் வாசலுக்கு வந்தபோது விமானம் ஓட்டப் போய்விட்டவர் என்று. அந்தக் கதை பாதிதான் சரி. அதற்கு முன் அவர் செய்ததைப் பார்க்க வேண்டும்.

கில்டோல் 1942 மே 19 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். கப்பலோட்டிகளின் குடும்பம். மாலுமிகளுக்குக் கடற்பயணக் கணிதம் கற்பிக்கும் பாடசாலை ஒன்றை அந்தக் குடும்பம் நடத்தியது. கணித ஆசிரியராவதுதான் அவரது எண்ணம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கணினிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வியட்நாம் போர்க்காலம் அது. கடற்படைச் சேவைக் கடமையை நிறைவேற்ற கலிபோர்னியாவின் மொன்டரேயில் உள்ள கடற்படை உயர்கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். பின்னர் 1972 இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். நிரல்களைச் சுருக்கிச் செம்மைப்படுத்துவது பற்றி அவர் 1973 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் முறை, இன்றும் கணினி அறிவியல் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அவர் வெறும் வியாபாரி அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்டெல் நிறுவனம் 1971 இல் வெளியிட்ட 4004 என்ற சிறு சில்லு அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அதைப் பயன்படுத்தி எழுதிப் பார்த்த நிரல்களால் இன்டெல் நிறுவனத்தோடு தொடர்பு ஏற்பட்டு, அங்கே பகுதிநேர ஆலோசகரானார். இன்டெல் நிறுவனத்தின் சில்லுகளுக்காக பி.எல்/எம். என்ற நிரல்மொழியை உருவாக்கிக் கொடுத்தார். இதற்கிடையே சுகார்ட் நிறுவனத்தின் நெகிழ்வட்டு இயக்கி ஒன்று கையில் கிடைத்தது. நாம் பிளொப்பி என்று அறிந்தவற்றின் மூத்த அண்ணன் அது. 8 அங்குல அகலம். ஆனால் அந்த இயக்கியைக் கணினியோடு பேச வைக்கும் மின்சுற்று இல்லை. அது பல காலம் சும்மா கிடந்தது. கடைசியில் பல்கலைக்கழக நண்பரான ஜோன் டொரோட் அந்தச் சுற்றைச் செய்து கொடுத்தார். கில்டோல் மென்பொருளை எழுதினார். 1974 இல், பசிபிக் குரோவ் என்ற கடலோரச் சிற்றூரில், சி.பி/எம். முதன்முதலாக ஓடிக் காட்டியது.

நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று சொல்லும் இயங்குதளம்தான் சி.பி/எம். இன்டெல் நிறுவனத்துக்கு அதில் அக்கறை இருக்கவில்லை. எனவே கில்டோலும் மனைவி டொரதியும் சேர்ந்து தாங்களே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் முதற்பெயர் இன்டர்கலக்டிக் டிஜிட்டல் ரிசேர்ச். விண்மீன் கூட்டங்களுக்கு இடையிலான நிறுவனம் என்ற பெரிய பெயர். வேலை நடந்ததோ வீட்டில். பிறகு முற்பகுதியைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் ரிசேர்ச் என்று ஆக்கிக்கொண்டார்கள்.

இனி எழுத்துகளுக்கு வருவோம். எழுத்தைப் பெயராக வைக்கும் யோசனை கில்டோலின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினிகளில் ஓடிய சி.பி/சி.எம்.எஸ். என்ற அமைப்பில் அது ஏற்கெனவே இருந்தது. அங்கே பெரிய தட்டொன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு பயனருக்கும் கொடுப்பார்கள். பயனர் தன் துண்டை எழுத்தால் அழைப்பார். கில்டோல் அந்த வழக்கத்தை எடுத்து, மேசைமேல் வைக்கும் கணினிக்குப் பொருத்தினார். இங்கே துண்டுகள் இல்லை, முழு இயக்கிகள்தான் இருந்தன. முதலாவது ஏ, இரண்டாவது பி. சி.பி/எம். முதிர்ந்தபோது 16 எழுத்துகள்வரை போனது.

எழுத்து குறித்தது இயக்கியை, உள்ளே செருகிய வட்டை அல்ல. இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஏ-யில் இருந்த வட்டை வெளியே எடுத்துவிட்டு வேறு வட்டைச் செருகினாலும் அது ஏ-தான். பழைய வட்டு இன்னும் உள்ளே இருப்பதாக எண்ணி கணினி புதிய வட்டின் மேல் எழுதினால் கோப்புகள் நாசமாகும். ஆகவே வட்டு மாறிவிட்டதைக் கண்டுபிடித்தால் சி.பி/எம். அதில் எழுத மறுத்துவிடும். பயனர் கட்டுப்பாட்டு விசையோடு சி விசையை அழுத்தி, வட்டை மாற்றிவிட்டேன் என்று தெரிவித்த பிறகுதான் எழுதும். பலருக்கு இது எரிச்சலூட்டியது. ஆனால் பெயர் வேறு, பொருள் வேறு என்பதை அந்த மென்பொருள் தெரிந்து வைத்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்த 8 அங்குல வட்டில் 77 வட்டத் தடங்கள். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 250 கிலோபைட். ஒரு கைபேசிப் படத்துக்குக்கூட இன்று அது போதாது. அவ்வளவு சிறிய இடத்திலும் முதல் 2 தடங்களை கில்டோல் ஒதுக்கி வைத்தார். கணினியை எழுப்பும் நிரலும் இயங்குதளமும் அங்கே இருந்தன. கோப்புப் பட்டியலில் அவை தெரியாது. தவறுதலாக அழிக்கவும் முடியாது. பயனருக்கு மீதி 75 தடங்கள். இன்றைய மீட்புப் பகுதி இதிலிருந்து நேரடியாகப் பிறந்ததல்ல. ஆனாலும் வட்டின் ஒரு மூலையைப் பயனரின் கண்ணில் படாமல் கணினிக்கென்று வைத்திருக்க வேண்டும் என்ற தேவையை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

சி.பி/எம். பரவியபோது வேறொரு தொல்லை வந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு விதம். ஒவ்வொன்றுக்கும் முழு மென்பொருளையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இம்சாய் நிறுவனத்துக்காக அந்த வேலையைச் செய்தபோது கில்டோல் ஒரு முடிவெடுத்தார். இயந்திரத்தைத் தொடும் பகுதியை மட்டும் தனியே பிரித்து அதற்கு பயோஸ் என்று பெயரிட்டார். மற்ற எல்லாம் மாறாது. பயோஸை மட்டும் மாற்றினால் போதும். கணினியைத் திறக்கும்போது இன்றும் நாம் உச்சரிக்கும் சொல் அது. என் கணிப்பில் அவர் செய்ததில் மிகப் பெரியது இதுவே. ஒரே நிரல் பல நிறுவனங்களின் கணினிகளில் ஓடலாம் என்ற நிலை இதனால்தான் வந்தது.

1980 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது வீட்டுக் கணினிக்கு இயங்குதளம் தேடியது. மைக்ரோசொப்ட் நிறுவனமே அவர்களை கில்டோலிடம் அனுப்பி வைத்தது. அவர்கள் பசிபிக் குரோவ் வந்த நாளில், முன்கூட்டியே ஒழுங்கு செய்திருந்த வியாபாரச் சந்திப்புக்காக கில்டோல் தன் விமானத்தை ஓட்டிச் சென்றிருந்தார். கணினி நிறுவனங்களுடன் பேச்சு நடத்துவது வழக்கமாகவே டொரதியின் பொறுப்பு. ஐ.பி.எம். நீட்டிய இரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒருபக்கச் சார்பாக இருந்ததால், சட்டத்தரணியோடு கலந்துபேசி அவர் கையொப்பமிட மறுத்தார். அன்று பிற்பகல் கில்டோல் திரும்பி வந்து அவர்களைச் சந்தித்தாரா இல்லையா என்பதில் இரு தரப்பும் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. ஆனால் விளையாட்டுக்காக வானில் சுற்றிக்கொண்டிருந்தார் என்பது நியாயமற்ற பேச்சு.

பேரம் படியவில்லை. ஐ.பி.எம். மைக்ரோசொப்ட்டிடம் திரும்பியது. மைக்ரோசொப்ட், சியாட்டில் கம்பியூட்டர் புரொடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பட்டர்சன் எழுதியிருந்த இயங்குதளத்தை வாங்கியது. சி.பி/எம். நிரல்களை எளிதாக மாற்றியெழுத வசதியாக, அதன் அழைப்பு முறைகளைப் பின்பற்றி எழுதப்பட்டது அது. எழுத்துகளும் அதோடு கூடவே வந்தன. 1981 ஓகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். கணினி அறிமுகமானது. தனது உழைப்பு நகலெடுக்கப்பட்டதாக கில்டோல் கொதித்தார். மென்பொருளுக்கான பதிப்புரிமைச் சட்டம் அப்போது தெளிவாக இல்லை, வழக்குக்குப் போகவில்லை. சமரசமாக, அவரது சி.பி/எம்.-86 மென்பொருளையும் விற்க ஐ.பி.எம். இணங்கியது. விற்பனைக்கு வந்தபோது டொஸ் 40 டொலர், சி.பி/எம்.-86 240 டொலர். எது விலைப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1983 இல் வன்தட்டோடு ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினி வந்தது. 10 மெகாபைட். ஏ-யும் பி-யும் நெகிழ்வட்டுகளுக்குப் போய்விட்டதால் வன்தட்டுக்கு சி கிடைத்தது. நெகிழ்வட்டு மறைந்து பல ஆண்டுகளாகியும் நம் கணினிகள் சி-யிலிருந்து எண்ணத் தொடங்குவது இதனால்தான். அந்தக் கணினியோடு வந்த டொஸ் 2.0 ஒரே வன்தட்டை நான்கு பகுதிகள்வரை பிரிக்கவும் வழிசெய்தது. பின்னர் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்து என்றானது. பெருங்கணினியில் துண்டுக்கு வைத்த எழுத்தை கில்டோல் இயக்கிக்குக் கொடுத்தார். இப்போது அது மறுபடியும் துண்டுக்கே திரும்பியது. சி-யும் டி-யும் ஒரே தட்டில் அமர்ந்தது இப்படித்தான். பிரதி எடுப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இன்றைய விண்டோஸ் கணினியில் எழுத்து என்பது வன்தட்டில் பொறிக்கப்பட்ட பெயர் அல்ல. எந்தப் பகுதிக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் தன் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறது. எழுத்தை எடுத்துவிட்டால் கோப்புகள் அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். ரிக்கவரி பார்ட்டிஷன் எனப்படும் மீட்புப் பகுதி எழுத்து இல்லாமல் இருப்பதும் அதற்காகவே. 2018 இல் விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல் ஒன்று சில கணினிகளில் அந்தப் பகுதிக்குத் தவறுதலாக எழுத்தொன்றைக் கொடுத்துவிட்டது. உடனே தட்டில் இடமில்லை என்ற எச்சரிக்கை ஓயாமல் வரத் தொடங்கியது. பயந்துபோய் உள்ளே இருந்ததை அழிப்பது பிழை. எழுத்தை நீக்கினாலே போதும்.

கணினி எழும்பாமல் மீட்புத் திரைக்குள் போனால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ஓடுவது வேறொரு சிறிய விண்டோஸ். அது எழுத்துகளைத் தன் கணக்கில் புதிதாக வழங்கும். தனக்கு எக்ஸ் என்று வைத்துக்கொள்ளும். வழக்கமான சி அங்கே டி ஆகத் தெரியலாம். எழுத்தை மட்டும் நம்பிக் கட்டளை கொடுத்தால் தவறான பகுதி அழிந்துவிடும். கொள்ளளவையும் உள்ளே இருக்கும் கோப்புறைகளையும் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

கில்டோல் அதன்பிறகும் சும்மா இருக்கவில்லை. கம்பியூட்டர் குரோனிக்கிள்ஸ் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் இணைந்து தொகுத்து வழங்கினார். 1985 இல் அவரது இன்னொரு நிறுவனம் குரோலியர் கலைக்களஞ்சியத்தை இறுவட்டில் வெளியிட்டது. டிஜிட்டல் ரிசேர்ச் 1991 இல் நொவெல் நிறுவனத்துக்குக் கைமாறியது. பணத்துக்குக் குறைவிருக்கவில்லை. ஆனால் எங்கே போனாலும் அந்த விமானக் கதை பின்னால் வந்தது. தன் நினைவுகளை 1993 இல் எழுதி நெருங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தார். குடிப்பழக்கம் கடைசி ஆண்டுகளில் அவரை வருத்தியது. 1994 ஜூலையில் மொன்டரேயில் மதுபானச் சாலையொன்றில் தலையில் காயமடைந்து, மூன்று நாள் கழித்து, 11 ஆம் திகதி காலமானார். வயது 52. அந்த நினைவுக் குறிப்புகளின் முதற்பகுதியை மட்டும் பிள்ளைகள் 2016 இல் வெளியிட அனுமதித்தார்கள். பிற்பகுதி தந்தையின் உண்மையான குணத்தைக் காட்டவில்லை என்பது அவர்கள் தரப்பு.

2014 இல் பசிபிக் குரோவ் லைட்ஹவுஸ் வீதியில், முன்னர் அவரது நிறுவனம் இயங்கிய வீட்டுக்கு எதிரே, மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. நினைவுப் பட்டயம் ஒன்றைப் பதித்தது. 1974 இல் அந்த ஊரில் ஓடிக் காட்டிய சி.பி/எம். பற்றியும் பயோஸ் பற்றியும் அதில் பொறித்திருக்கிறது.

மாணவி தன் ஆய்வறிக்கையின் பெரும்பகுதியை மறுபடி தட்டச்சு செய்தார். இப்போது அவரிடம் தனியான வெளி வன்தட்டு ஒன்று இருக்கிறது. கணினி அதற்குச் சில நாள் ஈ என்று பெயர் வைக்கிறது, சில நாள் எஃப். அதன் முதுகில் கடதாசித் துண்டொன்றை ஒட்டி, ஆய்வறிக்கைப் பிரதி என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.