முப்புரிக் கயிறு கண்ட ராமச்சந்திரன்

மல்லேசுவரத்தைத் தாண்டி யஷ்வந்தபுரம் போகிற வழியில், மரங்கள் அடர்ந்த 'டாட்டா இன்ஸ்டிடியூட்' மதிலைப் பார்க்காத பெங்களூர்த் தமிழர் இருக்க முடியாது. இந்திய விஞ்ஞானக் கழகம் என்பது அதன் முறையான பெயர். அந்த மதிலுக்குள் உலகப் புகழ் பெற்றவர்களில் ஒருவர் ஜி.என்.ராமச்சந்திரன். பெயரின் முன்னெழுத்தில் நிற்கும் 'ஜி' நெல்லைச் சீமையின் கோபாலசமுத்திரம்.

அவர் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8-ந் தேதி. தந்தை நாராயண ஐயர் அங்கே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்துத் தேறினார். மகனை ரயில்வே இன்ஜினியர் ஆக்கத் தந்தை விரும்பினார் என்றும், மகன் டில்லி வரை போய்ப் பரீட்சை எழுதியும் தேறாமல் திரும்பினார் என்றும் சொல்வதுண்டு. ரயில்வேக்கு நஷ்டம்தான், விஞ்ஞானத்துக்கு லாபம்.

1942-ல் மின்சார இன்ஜினியரிங் படிக்கத்தான் பெங்களூர் வந்தார். சர் சி.வி.ராமன் கண்ணில் பட்டார். ராமன் அவரைப் பௌதிகத் துறைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் சென்று டாக்டர் பட்டம் பெற்று, 1949-ல் திரும்பினார். 1952-ல், முப்பது வயது நிறையுமுன், சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைத் தலைவர்.

அங்கேதான் கொலாஜென் என்னும் புரதம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆட்டுக்கால் சூப் ஆறினால் பிசினாக உறைகிறதே, அது கொலாஜெனின் வேலைதான். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது அது. மீனிலும் உண்டு, எலியிலும் உண்டு, கங்காருவின் வாலிலும் உண்டு, மனிதனிலும் உண்டு. பிராணிக்குப் பிராணி சிறு மாறுதல் இருந்தாலும் அடிப்படைக் கட்டுமானம் ஒன்றே. அந்தக் கட்டுமானம் எது என்பது அன்று பெரிய அறிஞர்களுக்கே பிடிபடவில்லை.

கோபிநாத் கர்த்தா என்ற சகாவுடன் சேர்ந்து, எக்ஸ்ரே படங்களை வைத்து ராமச்சந்திரன் விடை சொன்னார். மூன்று இழைகள் சேர்ந்த கயிறு அது. சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம்; சிறியது என்பதால்தான் நடுவில் இடம் கொள்கிறது. 1954-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியாயிற்று. இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று மறு ஆண்டே திருத்தியும் வெளியிட்டார்.

அப்போதுதான் அடி விழுந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த கிரிக்கும் ரிச்சும், மூன்று இழை சரி, ஆனால் சில அணுக்கள் நெருக்கமாக நிற்கின்றன என்று குறை கூறினர். கிரிக் சாதாரண ஆள் அல்ல, டி.என்.ஏ. வடிவைக் கண்ட இருவரில் ஒருவர். இழைகளைப் பிணைக்கும் பிணைப்பு எத்தனை என்பதில் பின்னாளில் அவர்கள் பக்கமே உண்மை நின்றது. ஆனால் சென்னைக்காரர் சோர்ந்து உட்காரவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டார். அதுவரை வெளியான படிக அளவுகளையெல்லாம் திரட்டி, சசிசேகரன், ராமகிருஷ்ணன் என்ற மாணவர்களுடன் கணக்குப் போட்டார்.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடங்களில் திருப்பம் உண்டு. அந்த இரு கோணங்களையும் ஒரு கட்டத்தாளில் குறித்தால், பெரும்பகுதி அணுக்கள் முட்டிக்கொள்ளும் இடம். சில தீவுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. 1963-ல் வந்த இந்தப் படத்துக்கு உலகம் 'ராமச்சந்திரன் படம்' என்று பெயரிட்டது. பாக்டீரியாவின் புரதமானாலும் யானையின் புரதமானாலும், புதிதாக வடிவம் கண்டவர் இந்தத் தாளில் வைத்துச் சரிபார்த்தே ஆகவேண்டும். கிரிக் குறை சொல்லாதிருந்தால் இந்தப் படம் பிறந்திருக்குமா என்பது சந்தேகமே.

1970-ல் சென்னையை விட்டார். பெங்களூருக்கே திரும்பி, டாட்டா இன்ஸ்டிடியூட்டில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். 1971-ல் லட்சுமிநாராயணனுடன் அவர் வெளியிட்ட கணித முறை, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் எடுக்க உதவுகிறது. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி அங்கத்தினர் ஆனார். நோபல் பரிசு மட்டும் வரவில்லை.

கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் வாட்டியது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி மறைந்தார். மறு ஆண்டு சர்வதேச படிகவியல் சங்கம் ஈவால்டு பரிசை அளித்தது. 2001 ஏப்ரல் 7-ந் தேதி, 78-வது வயதில், சென்னையில் காலமானார்.