தொழிலாளர் இல்லங்களுக்குச் சட்டக் காப்பு தேடிய அம்பேத்கர்

மும்பை: உழைத்து வாழும் குடும்பம் வறுமையில் விழ ஒரு பிரசவமோ நோயோ போதும். கூலி நின்ற நாளிலேயே கடன் தொடங்கிவிடுகிறது. ஆலைகள் நிறைந்த பரேல் பகுதியின் ஒற்றை அறைக் குடியிருப்பில் வளர்ந்த டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர், அந்த வாழ்வை அருகிருந்து அறிந்தவர்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் நகரில் பிறந்த அவர், கொலம்பியா மற்றும் லண்டனில் பொருளாதாரம் பயின்றார். உயர்ந்த பட்டங்களுடன் திரும்பிய பிறகும் பல ஆண்டுகள் பரேலின் தொழிலாளர் குடியிருப்பிலேயே வசித்தார்.

பம்பாய் மாகாண சட்டமன்றத்தில் 1928-ம் ஆண்டு மகப்பேறு உதவி மசோதா விவாதத்திற்கு வந்தபோது, அதனை உறுதியுடன் ஆதரித்தார். பிரசவத்திற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலனுக்கே உகந்தது என்றும், அதன் செலவில் அரசும் பங்கேற்க வேண்டும் என்றும் வாதிட்டார். மறு ஆண்டு அது சட்டமானது.

1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கிய அவர், கொங்கணக் குத்தகை விவசாயிகளை வாட்டிய கோத்தி நிலமுறையை ஒழிக்க 1937-ல் மசோதா கொண்டுவந்தார். அது அப்போது நிறைவேறவில்லை; சுதந்திரத்திற்குப் பின்னரே அம்முறை ஒழிந்தது.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தார். ஆலைகளின் வாராந்திர வேலை நேரம் 54-லிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது அக்காலத்தில்தான். தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அதார்க்கர் அறிக்கையும் அப்போதுதான் தயாரானது. அதன் தொடர்ச்சியாக 1948-ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது இன்றைய இ.எஸ்.ஐ., பிறந்தது.

அவர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பின் 41, 42-வது பிரிவுகள் முதுமை, நோய், வேலையின்மை, மகப்பேறு ஆகியவற்றுக்கான உதவியை அரசின் கடமையாக வகுத்தன. எனினும் அவற்றை நிறைவேற்றுமாறு நீதிமன்றம் வழியாகக் கோர இயலாது.

1956 டிசம்பர் 6 அன்று டெல்லியில் மறைந்த அம்பேத்கரின் உடல் மும்பை தாதரில் எரியூட்டப்பட்டது. தாதருக்கு அருகிலேயே தமிழர்கள் திரளாக வாழும் தாராவி உள்ளது. அங்குள்ள தோல், தையல், மண்பாண்டப் பட்டறைகள் பலவற்றில் சிலரே பணிபுரிகின்றனர். இ.எஸ்.ஐ. கட்டாயமாவதற்குப் பொதுவாக 10 தொழிலாளர் தேவை. அந்த எண்ணிக்கை இல்லாத பட்டறைத் தொழிலாளியின் வீட்டில், பிரசவமும் நோயும் இன்றும் கடனுக்கே வழிவகுக்கின்றன.